மணலுக்குள் ஒரு பருவம்

பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு முடிந்ததும் மாணவர் எல்லாருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன?" சிலர் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கின்றனர். சிலர் வங்கித் தேர்வுக்கும் அரசுப் பணித் தேர்வுக்கும் ஆயத்தம் செய்கின்றனர். சிலர் கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுகின்றனர். இவற்றோடு நான்காவது வழியொன்றும் உண்டு. அதைப் பற்றி நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் யாரும் அதிகம் பேசுவதில்லை. காட்டுயிர்கள் காக்கப்படும் ஓரிடத்தில் ஒரு பருவம் மட்டும், அதாவது மூன்று நான்கு மாதங்கள், பணியாற்றுவதே அந்த வழி.

"மூன்று மாத வேலையால் என்ன பயன்?" என்று பெற்றோர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரை மணலைத் தோண்டிப் பார்த்தால் போதும்.

வழக்கம் தோன்றிய இடம்

உலகின் முதல் தேசியப் பூங்காவான எல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டு அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. அந்நாட்டின் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் துறை 1916இல் உருவாயிற்று. கோடைக்காலத்தில்தான் அப்பூங்காக்களில் கூட்டம் பெருகும், வேலையும் பெருகும். எனவே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சில மாதங்களுக்கு மட்டும் பணியில் அமர்த்தப்படுகின்றனர். அவர்களுள் கல்லூரி மாணவர்களும் புதிய பட்டதாரிகளும் ஏராளம்.

இதில் மாணவி ஒருவருக்கும் பங்குண்டு. எலிசபெத் குஷ்மன் என்பவர் 1955இல் வாசர் கல்லூரியில் தம் பட்டப்படிப்புக்காக ஓர் ஆய்வுரை எழுதினார். பூங்காக்களைப் பராமரிக்க ஆளில்லை, மாணவர்களுக்கோ களப் பயிற்சியில்லை, இரண்டையும் இணைத்தால் என்ன என்பதே அதன் கருத்து. 1957ஆம் ஆண்டு கோடையில் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் ஆகிய இரு பூங்காக்களில் மாணவர் குழுக்கள் பணி தொடங்கின. மதிப்பெண்ணுக்காக எழுதிய ஒரு கட்டுரை நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது.

நம் பக்கத்து நிலவரம்

தமிழ்நாட்டில் கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி என ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. இவற்றில் அமெரிக்காவைப் போலக் கோடைக்காலப் பணிக்குப் பட்டதாரிகளை அழைக்கும் வழக்கம் இல்லை. வனத்துறையின் நிரந்தரப் பணிகள் போட்டித் தேர்வு வழியே நிரப்பப்படுகின்றன. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். "தேசியப் பூங்கா" என்ற பெயர்ப்பலகை இல்லாத இடங்களிலும் அதே பணி நடக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மதுராந்தகம் பக்கத்தில் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. அங்கு வரும் பறவைகளை ஊர் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். 1798ஆம் ஆண்டே, அன்றைய செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா உள்ளது. கடற்கரையோரம் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணை உள்ளது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, காவல் வேலி ஏதுமின்றித் திறந்து கிடக்கும் கடற்கரை உள்ளது. ஆண்டுதோறும் மார்கழி முடியும்போது அங்கு ஒரு விருந்தாளி வந்து சேர்கிறது.

பங்குனி ஆமை

அந்த விருந்தாளியின் பெயரிலேயே பருவம் இருக்கிறது. நம் மீனவர்கள் அதனைப் பங்குனி ஆமை என்பர். சிற்றாமை என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. ஓடு சுமார் 65 முதல் 70 செ.மீ. நீளம், எடை 40 கிலோவுக்கு மேல். ஜனவரி முதல் மார்ச் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் ஏறத்தாழ 45 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு அல்லது அதற்குச் சற்று மேலான முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை. 45 முதல் 60 நாட்களில் மணலின் சூட்டிலேயே குஞ்சுகள் பொரிந்து வெளிவரும்.

தனியே விடப்பட்ட இம்முட்டைகளுக்கு நாய், நரி, நண்டு, காகம் எனப் பகை பல. ஒரு காலத்தில் மனிதனும் எடுத்துத் தின்றான். 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் ஆர்வமுள்ள இளைஞர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கத் தொடங்கினர். 1988 முதல் மாணவர்களே சேர்ந்து அமைத்த கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இப்பணியைச் சென்னைக் கரையில் செய்து வருகிறது. வனத்துறையும் பல இடங்களில் பொரிப்பகங்களை நடத்துகிறது.

வேலை எப்படி இருக்கும்? நள்ளிரவில் தொடங்கிக் கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடக்க வேண்டும். டார்ச் விளக்கைத் தேவையின்றி எரிக்கக்கூடாது. ஈர மணலில் ஆமையின் தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தடம் போய் முடியும் இடத்தில் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ண வேண்டும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை மாற்றிவிட வேண்டும். காலம் கடந்தால் உள்ளிருக்கும் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அழிந்துவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைத்து, நாள், நேரம், இடம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். மறுநாள் இரவும் இதேதான். அதற்கு மறுநாளும் இதேதான்.

பட்டம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலையா இது என்று தோன்றலாம். அந்த நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வெப்பமானியும் சேர்ந்துகொண்டால் என்ன தெரியவருகிறது என்று பாருங்கள்.

மணல் செய்யும் கணக்கு

கடற்கரை மணலின் மேற்பரப்பு பகலில் காலைச் சுடும், விடியற்காலையில் குளிர்ந்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே 20 டிகிரி செல்சியஸ் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையைப் போல மணலுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்கத் தணிகிறது. ஈரமுள்ள கடற்கரை மணலில், ஏறத்தாழ ஒவ்வொரு 12 செ.மீ. ஆழத்துக்கும் அது 0.37 மடங்காகக் குறைகிறது எனலாம். ஈரத்தைப் பொறுத்து இந்த ஆழம் சற்றுக் கூடும், குறையும்.

கணக்குப் போடுங்கள். மேற்பரப்பில் 20 டிகிரி. 12 செ.மீ. ஆழத்தில் 7.4. 24 செ.மீ. ஆழத்தில் 2.7. 36 செ.மீ. ஆழத்தில் 1. முட்டைகள் இருக்கும் 45 செ.மீ. ஆழத்தில் சுமார் அரை டிகிரிதான்! மேலே வெயில் கொளுத்தினாலும் பனி பெய்தாலும் கீழே முட்டைகளுக்கு இரவு பகல் வேறுபாடு தெரிவதில்லை. மேலும் ஒரு வியப்பு: அந்த அரை டிகிரி ஏற்றமும் 14 மணி நேரம் தாமதமாகவே போய்ச் சேருகிறது. பிற்பகல் 2 மணிக்கு மேற்பரப்பில் உச்சம் என்றால், முட்டைகளுக்கு உச்சம் மறுநாள் அதிகாலை 4 மணிக்கு!

அடுத்த படிக்கு வருவோம். அலை எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது அதன் அலைவுநேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நாளொன்றில் முடியும் அலை 12 செ.மீ.யில் 0.37 மடங்காகிறது. மார்கழிக் குளிரிலிருந்து கத்திரி வெயில் சென்று திரும்பி வரும் ஆண்டு அலைக்கு அலைவுநேரம் 365 மடங்கு. 365இன் வர்க்கமூலம் சுமார் 19. எனவே ஆண்டு அலை 12 செ.மீ.க்குப் பதிலாக ஏறத்தாழ 2.3 மீட்டர் சென்ற பிறகே 0.37 மடங்காகும். 45 செ.மீ. ஆழத்தில் அதில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே எஞ்சியிருக்கும்.

ஆமை தோண்டும் குழி இரவு பகலை மறைத்துவிடுகிறது, பருவத்தை மறைப்பதில்லை. முட்டைக்குத் தெரிந்ததெல்லாம் பருவம் ஒன்றுதான்.

ஆணா, பெண்ணா?

நம்மில் ஆண், பெண் என்பதை நிறப்புரிகள் முடிவு செய்கின்றன. கடலாமையில் அப்படியில்லை. முட்டை இருக்கும் மணலின் வெப்பநிலையே அதை முடிவு செய்கிறது. அதிலும் அடைகாலத்தின் நடுப்பகுதி வெப்பநிலையே முக்கியம். ஊர்வனவற்றுள் இப்படி நிகழ்வதை 1966இல் மேடலின் ஷார்னியே என்ற பெண் அறிவியலார் ஆப்பிரிக்க ஓணான் வகை ஒன்றில் முதலில் கண்டறிந்தார். பங்குனி ஆமையில் ஏறத்தாழ 29, 30 டிகிரிக்குக் கீழே போகப்போக ஆண் குஞ்சுகள் மிகும். மேலே போகப்போகப் பெண் குஞ்சுகள் மிகும். இரண்டே டிகிரி மாறினால் ஒரு கூட்டின் கதையே மாறிவிடும்.

ஜனவரியில் இட்ட முட்டைகள் ஒப்பளவில் குளிர்ந்த மணலில் வளர்கின்றன. மார்ச்சு இறுதியில் இட்டவை ஏப்ரல், மே மாதச் சூட்டில் வளர்கின்றன. ஆகவே ஒரே கடற்கரையில், பருவத்தின் தொடக்கத்தில் ஆண்களும் முடிவில் பெண்களும் அதிகமாகப் பிறக்க வாய்ப்புண்டு. ஒருவர் மார்ச்சு மாதம் ஒரு வாரம் மட்டும் வந்து மணலின் வெப்பநிலையை அளந்துவிட்டு, "இக்கரையில் பெண் குஞ்சுகளே பிறக்கின்றன" என்று எழுதினால் அது தவறு. ஜனவரியில் ஒரு வாரம் வந்து போனவரும் தவறாகவே எழுதுவார். இருவருடைய வெப்பமானிகளும் சரியாகத்தான் இருந்தன. இருவரும் தங்கிய காலம்தான் போதவில்லை. முதல் கூட்டிலிருந்து கடைசிக் கூடு பொரியும் வரை இருந்தவர் ஒருவரே உண்மையைச் சொல்லமுடியும்.

பருவகாலப் பணியின் பயன் இதுதான். மூன்று நான்கு மாதம் என்பது ஓராண்டின் அரைகுறைத் துண்டு என்று நாம் எண்ணுகிறோம். இயற்கையின் கணக்கில் ஒரு பருவம் என்பது ஒரு முழு அளவை. ஊசலின் அலைவுநேரத்தைக் காண முழு அலைவுகளை எண்ணுகிறோம். பாதி ஊசலாட்டத்தில் நிறுத்துக்கடிகாரத்தை நிறுத்துவதில்லை அல்லவா?

இதில் பொறுப்பும் இருக்கிறது. பொரிப்பகத்தின் மேல் நிழல் பந்தல் போட்டால் மணல் குளிரும், போடாவிட்டால் சூடேறும். முட்டைகளைக் காப்பாற்றப் போன நாமே, அறியாமல், பிறக்கும் குஞ்சுகளின் ஆண் பெண் விகிதத்தை மாற்றிவிடக்கூடும். புவி வெப்பம் உயர்ந்துவரும் இந்நாளில் இது வெறும் ஐயமன்று. எனவே வெப்பநிலையை ஒவ்வொரு நாளும் அளந்து எழுதுபவர் ஒருவர் ஒவ்வொரு பொரிப்பகத்திலும் தேவை.

முதலைகள் சொன்ன விடை

இப்படித் தொடர்ந்து அளந்ததற்குப் பலன் கிடைத்ததை நம் கடற்கரையிலேயே காணலாம். வடநெம்மேலி முதலைப் பண்ணையை ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கியபோது, சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் ஆகிய மூன்று இந்திய முதலை இனங்களும் அழிவின் விளிம்பில் இருந்தன. அவற்றைப் பெருக்குவதே முதல் நோக்கம். பெருக்கும்போதே பதிவேடும் வளர்ந்தது. சதுப்புநில முதலை ஒரே ஆண்டில் இருமுறை முட்டையிடுவதை அங்கே கண்டனர். ஆண்டு முழுவதும் கூடவே இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் இது தெரியவரும்.

1989இல் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ராமுலஸ் விட்டேக்கர் ஆகியோர் இம்முதலையின் முட்டைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 28 முதல் 31 டிகிரி வரை மாறா வெப்பநிலையில் வைத்த முட்டைகளில் பெண்களே பிறந்தன. 32.5 டிகிரியில் ஆண்களே பிறந்தன. 33 டிகிரியில் இரண்டும் கலந்து பிறந்தன. ஆமையில் சூடு கூடினால் பெண். முதலையிலோ குறுகிய ஓர் இடைவெளியில் மட்டும் ஆண்! பட்டதாரி மாணவர் கையாளும் சாதாரண வெப்பமானியால் காணக்கூடிய வேறுபாடு இது. கடினமானது கருவியன்று, விடாமல் பார்ப்பதே.

ஒரு விளக்கும் முழுநிலவும்

இன்னொரு சிறு கணக்கு. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு கடலை எப்படிக் கண்டுகொள்கிறது? இரவில் கரைப்பக்கம் மரமும் மேடும் இருண்டிருக்கும். கடலின் தொடுவானம் தாழ்ந்தும் வெளிச்சமாகவும் இருக்கும். வெளிச்சத்தை நோக்கி நடப்பதே குஞ்சின் இயல்பு. மனிதன் விளக்குப் போடும் வரை அந்த இயல்பு அதை ஏமாற்றியதில்லை.

முழுநிலவு தரையில் தரும் வெளிச்சம் சுமார் கால் லக்ஸ். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் ஒளிச்செறிவு 100 கேண்டெலாவுக்குச் சற்று அதிகம். எதிர்விகித இருமடி விதிப்படி, 20 மீட்டர் தொலைவில் அது தரும் வெளிச்சம் 100ஐ 400ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது கால் லக்ஸ். கரையோர விடுதி ஒன்று தன் மதிற்சுவரில் மாட்டும் ஒரே பல்பு, 20 மீட்டருக்கு அப்பால் உள்ள குஞ்சுக்கு முழுநிலவாகிவிடுகிறது! கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரம் எத்தனை விளக்குகள் என்று எண்ணிப் பாருங்கள். வழிதவறிச் சாலைப்பக்கம் போகும் குஞ்சுகள் காய்ந்தோ, நாய்க்கும் காகத்துக்கும் இரையாகியோ மடிகின்றன. ஒளியைத் தரைப்பக்கம் திருப்பி மறைப்பதும், பருவத்தில் நள்ளிரவுக்கு மேல் அணைப்பதும் செலவில்லாத மருந்துகள்.

கடிதம் போட்ட குப்பி

ஒரு பருவத்தை முழுதாகப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த இவர், 1970களில் பாம்புப் பண்ணைக் குழுவினரோடு இரவு நடைகளில் கலந்துகொண்டார். பிறகு கடலாமையே அவர் வாழ்வாயிற்று. இந்தியாவின் கடற்கரைகளிலும் தீவுகளிலுமாக 4,000 கி.மீ.க்கும் மேல் நடந்து, எந்த ஆமை எங்கே முட்டையிடுகிறது என்று பதிவு செய்தார். நாட்டின் கடலாமை ஆய்வுக்கு அடிப்படையாக நிற்பவை அப்பதிவுகள்.

லட்சத்தீவின் சுஹேலி தீவுகளில் பேராமைகள் முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அப்போது கடல் கொந்தளிக்கும், படகு போகாது. கடல் அமைதியாக இருக்கும்போது போய்விட்டுத் திரும்பினால் பருவத்தைத் தவறவிட்டதாகும். எனவே 1982இல் மழைக்காலத்துக்கு முன்பே ஆளில்லாத தீவு ஒன்றில் உணவுப் பொருள்களோடு இறங்கி, மழை ஓயும் வரை பல மாதங்கள் தனியே தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் குப்பியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையை அடைந்து, ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்க்க, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது! 2023இல் காலமான இவரைப் போல எல்லாரும் ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் ஆமையின் நாட்காட்டிக்கு ஏற்பத் தம் நாட்காட்டியை மாற்றிக்கொண்ட அவர் முறையை எல்லாரும் கற்கலாம்.

பட்டம் பெறாத ஆசிரியர்கள்

களத்துக்குப் போகும் பட்டதாரி முதலில் அறிய வேண்டியது, அங்கே தனக்கு முன்பே ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை. முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1978இல் பதிவு செய்யப்பட்ட இச்சங்கத்தினர் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்க வழங்கி வருகின்றனர். நஞ்சு எடுத்தபின் பாம்புகள் மீண்டும் வெளியில் விடப்படுகின்றன. தரையில் தெரியும் மெல்லிய தடத்தைக் கொண்டு போனது எந்தப் பாம்பு, எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லும் ஆற்றல் அவர்களுடையது. சங்க உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

மீனவர்களும் அப்படியே. காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம், ஆமை எந்தத் துறையில் ஏறும் என்பதெல்லாம் அவர்கள் பரம்பரையாகக் கண்டறிந்தவை. "இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தேன்" என்று போகும் இளைஞர் ஒரு பருவத்தை வீணாக்குவார். "கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று போகிறவருக்கு அது இன்னொரு கல்லூரி.

எண்ணுபவர் இல்லாவிட்டால்

2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் இறந்த பங்குனி ஆமைகள் அடுத்தடுத்து ஒதுங்கின. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி நீருக்கடியிலேயே நெடுநேரம் இருந்தால் மூச்சுத்திணறி இறந்துவிடும். இப்பேரிழப்புக்கு அதுவே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. ஆமை கரைநோக்கி வருவதோ ஜனவரி முதல் மார்ச் வரை. மீனின் இனப்பெருக்கத்துக்காக வகுத்த நாட்காட்டி ஆமைக்குப் பொருந்தவில்லை. அம்மாதங்களில் கரையை ஒட்டிய கடற்பகுதியில் இழுவலை போடாதிருப்பதும், வலையில் நுழைந்த ஆமை வெளியேறும்படி கம்பிச்சட்டமும் திறப்பும் கொண்ட கருவியைப் பொருத்துவதும் தீர்வுகள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ற அக்கருவியை வடிவமைத்துள்ளது.

இறப்பின் அளவு நாட்டுக்கு எப்படித் தெரிந்தது? இரவும் விடியற்காலையும் கரையில் நடந்தவர்கள் ஒவ்வொன்றாக எண்ணியதால்தான். கரை ஒதுங்காமல் கடலிலேயே போனவை இதில் சேரா. சென்ற ஆண்டுகளின் எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் இந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடிந்தது. யாரும் நடக்காத கரையில் எத்தனை ஆமை இறந்தாலும் அது செய்தியாகாது.

எப்படிச் சேர்வது?

இப்பணியில் பொருள் வருவாய் சொற்பம். பல இடங்களில் தொண்டாகவே செய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்குப் பணம் அனுப்பியே தீரவேண்டிய நிலையில் உள்ளவரை இதற்குப் போகச் சொல்வது நியாயமாகாது. அத்தகையோர் பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஓரிரவு நடைக்கு வரலாம். பல ஆண்டுகளாக அப்படி வருபவர்கள் இருக்கின்றனர்.

ஒரு பருவத்தை ஒதுக்க முடிந்தவர்கள் நாட்காட்டியைப் பார்க்கட்டும். இறுதித் தேர்வு முடிவது ஏப்ரல், மே. ஆமைப் பருவம் தொடங்குவது டிசம்பர் இறுதி. வேடந்தாங்கலில் பறவைகள் வரத் தொடங்குவது நவம்பர் வாக்கில். நடுவே உள்ள மாதங்களில் விண்ணப்பங்கள் எழுதலாம். கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையம், டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போன்றவை ஆய்வுத் திட்டங்களுக்குக் குறுகிய காலப் பணியாளர்களைத் தேடுவதுண்டு. வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் தொண்டர்களாகச் சேரலாம். விலங்கியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தையும் ஒளியையும் அளக்கத் தெரிந்த இயற்பியல் மாணவருக்கும், எண்களைத் தொகுக்கத் தெரிந்த கணித மாணவருக்கும், ஊராரோடு பேசத் தெரிந்த தமிழ் மாணவருக்கும் அங்கே வேலை உண்டு.

ஒரு எச்சரிக்கை. கடலாமை 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர். வனத்துறையின் இசைவின்றி முட்டையைத் தொடுவதும் கூட்டைத் தோண்டுவதும் குற்றம். இசைவு பெற்ற அமைப்போடு சேர்ந்தே செல்ல வேண்டும்.

அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டட வேலைக்குக் கொட்டிய மணற்குவியல் எங்கும் கிடைக்கும். வெயில் படும் இடத்தில் அதைச் சற்றே நனைத்து, அரை மீட்டருக்குக் குறையாத உயரத்துக்கு அகலமாகப் பரப்புங்கள். 5, 15, 45 செ.மீ. ஆழங்களில் மெல்லிய குழாய்களைச் செருகி, ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய வெப்பமானியை இறக்கி, குழாயின் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இரண்டு மணிக்கொருமுறை விரைந்து எடுத்துப் படித்து, வரைபடத்தாளில் குறியுங்கள். மூன்று கோடுகளும் எப்படித் தணிகின்றன, உச்சங்கள் எவ்வளவு பிந்துகின்றன என்று முதல் நாளே தெரிந்துவிடும். பிறகு 45 செ.மீ. வெப்பமானியை மட்டும் எடுக்காமல் விட்டு, நாளுக்கொரு முறை குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் ஏதும் மாறாதது போலத் தோன்றும். மூன்று மாதம் கழித்துத் தாளை விரித்துப் பாருங்கள்; அந்தக் கோடு எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று தெரியும்.